ஏடு கிடைத்தது, பண் எங்கே? மதக் கல்வியில் செல்போன் செய்வதும் செய்ய முடியாததும்

சனிக்கிழமை காலை 7 மணி. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண் பிள்ளை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தேவாரம் கற்கிறாள். திரையில் தெரியும் ஓதுவார் இருப்பது வேறு ஊரில். பக்கத்து பிளாட்டில் ஒரு பையன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு குர்ஆன் ஆப்பில் ஒரே வசனத்தைப் பத்து முறை ரிப்பீட்டில் கேட்கிறான். கீழ்த்தளத்தில் இன்னொரு வீட்டில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கான பாடம் வாட்ஸ்அப் குரூப்பில் பி.டி.எஃப். ஆக வந்து விழுகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், நகரத்தில் பிள்ளை வளர்க்கும் யாருக்கும் அந்நியமான காட்சி இல்லை.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் பிள்ளை ஒரு கேள்வி கேட்கிறாள்: “அம்மா, சிவன் ஏன் சுடுகாட்டுல ஆடுறார்?” அம்மாவுக்கு உடனே பதில் வரவில்லை. பிள்ளை போனை எடுத்து ஏ.ஐ. சாட்பாட்டிடம் கேட்கிறாள். ஐந்து நொடியில் அழகான நான்கு பத்திகள். அம்மாவுக்கு நிம்மதி. “நமக்கே தெரியாது, அது சொல்லிடுச்சு பாரு.”

அந்த நிம்மதியைத்தான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. பாட்டைக் கற்றுத் தந்தது மனிதர். பொருளைச் சொன்னது இயந்திரம். நாளைக்கு இன்னும் கடினமான கேள்வி வரும்போது பிள்ளை யாரிடம் போகும்?

இதை ஏன் இப்போது பேச வேண்டும்?

இந்தியாவில் மதக் கல்விக்கு ஒரு தனி நிலைமை உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் மத போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனங்களில்கூட, மாணவரோ, அவர் சிறுவர் என்றால் பெற்றோரோ சம்மதிக்காமல் கட்டாயப்படுத்த முடியாது. மதங்களைப் பற்றிய அறிவைப் பாடமாகத் தருவது வேறு, மத போதனை வேறு என்று 2002-ல் உச்ச நீதிமன்றமும் பிரித்துச் சொன்னது.

பல மதத்தவர் சேர்ந்து படிக்கும் நாட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் விளைவு ஒன்று இருக்கிறது. மதம் பற்றி ஒரு பிள்ளை கற்பது பெரும்பாலும் பள்ளிக்கு வெளியில்தான்: வீடு, கோயில், மக்தப், ஞாயிறு பள்ளி, தாத்தா பாட்டி. பொதுவான பாடநூல் கிடையாது. தேர்வு கிடையாது. ஆசிரியருக்கு இன்ன தகுதி வேண்டும் என்ற பொது விதியும் கிடையாது.

இலங்கையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே சமயம் ஒரு பள்ளிப் பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என ஒவ்வொன்றுக்கும் அரசுப் பாடநூல் இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் அந்த நூல்களை யாரும் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை போனில் சைவநெறி படித்தால், அதன் பின்னால் ஒரு பாடத்திட்டக் குழு இருக்கிறது. அந்தப் பாடத்தில் குறை இருக்கலாம். ஆனால் குறை சொல்ல ஒரு முகவரியாவது இருக்கிறது.

சென்னைப் பிள்ளை போனில் படிக்கும்போது பின்னால் யார் இருக்கிறார்கள்? ஒரு நல்ல மடமாக இருக்கலாம். ஒரு தன்னார்வலராக இருக்கலாம். அடுத்த வீடியோவைத் தானாக ஓட விடும் அல்காரிதமாகவும் இருக்கலாம். கூட்டுக் குடும்பம் போன இடத்தில், தாத்தா பாட்டி ஊரில் தங்கிவிட்ட வீட்டில், அந்தக் காலியிடத்தைச் சத்தமில்லாமல் நிரப்பியது போன்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வழிபாட்டு இடங்கள் மூடப்பட்டபோது இந்த மாற்றம் வேகம் பிடித்தது. கோயில்கள் திறந்த பிறகும் பல வகுப்புகள் திரையிலேயே தங்கிவிட்டன.

போன் எதைப் பிரமாதமாகச் செய்கிறது?

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நூல் கிடைப்பது’ என்ற பிரச்சினையை டெக்னாலஜி கிட்டத்தட்ட தீர்த்தேவிட்டது.

1998 பொங்கல் நாளில் தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களும் சேர்ந்து, ஊதியம் வாங்காமல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் அப்படித்தான் உலகத்தின் எந்த மூலைக்கும் போயின. 2007-ல் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் ‘கணினித் தேவாரம்’ என்ற குறுந்தகட்டை வெளியிட்டன. தேவாரம் முழுவதும், அதற்கு வி.மு. சுப்பிரமணிய ஐயர் ஆங்கிலத்தில் எழுதிய பொருள், ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்ற சொல்லடைவு எல்லாம் அதில் இருந்தன. தருமபுரம் ஆதீனத்தின் பன்னிரு திருமுறை இணையதளத்தில் பாடலோடு உரையும் இருக்கிறது.

மற்ற மதங்களிலும் இதே கதைதான். யூனிகோடில் எழுத்துப்பிழை இல்லாத குர்ஆன் மூலம் வேண்டும் என்று 2007-ல் தொடங்கிய ‘தன்ஸீல்’ திட்டத்தின் பிரதியை இன்று பல ஆப்கள் பயன்படுத்துகின்றன. ஆப் ஸ்டோர் திறந்த 2008 ஜூலையிலேயே ‘யூவெர்ஷன்’ பைபிள் ஆப் அங்கே இருந்தது. இன்று அதில் தமிழ் விவிலியமும் உண்டு. 2020-ல் அமெரிக்க சைகை மொழியில் முழு விவிலியமும் வீடியோவாக முடிந்தது. காது கேளாத ஒருவர் தன் தாய்மொழியான சைகையிலேயே வேதத்தைப் ‘பார்க்க’ முடிகிறது என்றால், அது சாதாரண விஷயமில்லை.

கார்லோ அகுதிஸ் என்ற இத்தாலியச் சிறுவனையும் இங்கே சொல்ல வேண்டும். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் உருவாக்கியவர். 2006-ல் 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். 2025 செப்டம்பர் 7-ம் தேதி கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்ததும் பக்திதான் என்று 2000 ஆண்டுப் பழைமையான ஒரு நிறுவனமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆக, ‘போனில் சாமி பாட்டா?’ என்று மூக்கைச் சுளிப்பதில் அர்த்தமில்லை. நூல் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆயிரம் வருடத்துக்கு முன்பே வந்த சிக்கல்

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை. திருமுறைகள் கண்டெடுக்கப்பட்ட கதையிலேயே இது இருக்கிறது.

திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை இது. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறைக்குள் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அந்த அறையைத் திறக்க வைத்து, செல்லரித்தவை போக மீதியை எடுத்தார்கள். நம்பி அவற்றைத் தொகுத்தார். நூல் கிடைத்துவிட்டது. ஆனால் எப்படிப் பாடுவது என்று ஏட்டில் இல்லை. பண் தொலைந்திருந்தது.

அதற்கு அவர்கள் இன்னோர் ஏட்டைத் தேடவில்லை. ஓர் ஆளைத் தேடினார்கள். சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண், திருஎருக்கத்தம்புலியூரில் இருந்தார். விருத்தாசலம் பக்கம் இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று அழைக்கப்படும் ஊர் அது. அவரை அழைத்துவந்து, அவர் வாயால் பாடக் கேட்டுத்தான் பண் அடைவு வகுத்தார்கள் என்கிறது புராணம். வேந்தனும் நூல் தொகுத்த அறிஞரும் ஒரு பாணர் குலப் பெண்ணிடம் மாணவர்களாக நின்ற இடம் அது.

இஸ்லாமிய மரபிலும் இதற்கு ஓர் இணை உண்டு. கலீஃபா உஸ்மான் குர்ஆன் பிரதிகளைப் பல நகரங்களுக்கு அனுப்பியபோது, ஒவ்வொரு பிரதியோடும் ஓதிக் காட்ட ஒருவரையும் அனுப்பினார் என்று சொல்லப்படுகிறது. விவிலியத்தில் அப்போஸ்தலர் பணிகள் நூலில், தேரில் உட்கார்ந்து ஏசாயா சுருளை வாசித்துக்கொண்டிருக்கும் எத்தியோப்பிய அதிகாரி வருகிறார். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்க, யாராவது வழிகாட்டாமல் எப்படிப் புரியும் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். பிலிப்பு தேரில் ஏறி அவர் பக்கத்தில் உட்காருகிறார்.

மூன்று மரபுகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: நூலோடு ஓர் ஆளும் வர வேண்டும். இன்று நம்மிடம் நூல் கோடிக்கணக்கான போன்களில் இருக்கிறது. ஆள் பாதி வழியில் இறங்கிவிட்டார்.

ஆப்புக்குக் காது உண்டா?

“அதான் ஆடியோ இருக்கே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நட்டபாடைப் பதிகத்தை கம்பீர நாட்டையிலும், பழம்பஞ்சுரத்தை சங்கராபரணத்திலும் இன்று ஓதுவார்கள் பாடுவதை யூடியூபில் கேட்கலாம். முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத வசதி இது.

ஆனால் கேட்பது பாதிதான். மீதிப் பாதி, நாம் பாடுவதை இன்னொருவர் கேட்டுத் திருத்துவது. வேதமும் பிரபந்தமும் கற்றுத்தரும் ‘சந்தை’ முறை இதற்காகவே வந்தது. ஆசிரியர் ஒருமுறை சொல்வார், மாணவர் இருமுறை சொல்வார். இரண்டாவது முறை எதற்கு? முதல் முறை வந்த தப்பைத் திருத்த.

எழுத்து எங்கே கைவிடும் என்பதற்கு அரபியில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அரபியில் ‘இதயம்’ என்பதற்கும் ‘நாய்’ என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கல்ப்’தான். முதல் ‘க’ தொண்டையை ஒட்டி ஆழத்தில் பிறக்கிறது, இரண்டாவது நம் வழக்கமான ‘க’. தமிழ் எழுத்தில் குர்ஆனை வாசிக்கும் ஆப்பை நம்பி ஒரு பிள்ளை மனப்பாடம் செய்தால், அது எதைச் சொல்கிறது என்று அதற்கே தெரியாது. உஸ்தாத் பக்கத்தில் இருந்தால் ஒரு நொடியில் நிறுத்திவிடுவார்.

இப்போது ஏ.ஐ. இங்கேயும் வந்துவிட்டது. ‘தர்த்தீல்’ போன்ற ஆப்கள் ஓதுவதைக் கேட்டு, எந்தச் சொல்லை விட்டோம், எங்கே மாற்றிச் சொன்னோம் என்று காட்டுகின்றன. மனப்பாடம் செய்பவர் ராத்திரி 11 மணிக்குத் தனியாகப் பயிற்சி எடுக்க இது அருமையான துணை. தேவாரத்துக்கும் இப்படி ஒன்று வந்தால் நல்லதுதான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆப் தப்பைக் கண்டுபிடிக்கும். ‘இன்னைக்குக் குரல் கட்டியிருக்கு, போதும், போய்த் தூங்கு’ என்று சொல்லாது. குர்ஆன் ஓதுதலில் ‘இஜாஸா’ என்ற அனுமதியை, தானும் அப்படிப் பெற்ற ஓர் ஆசிரியர்தான் தர முடியும். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் எதற்கு? தப்பாகக் கற்றுத்தந்தால் பொறுப்பேற்க. ஆப்புக்கு அப்டேட் உண்டு, பொறுப்பு கிடையாது.

சாட்பாட்டிடம் சாமி பற்றிக் கேட்டால்?

நூல், ஓசை இரண்டையும் தாண்டி மூன்றாவதாக வருவது பொருள். உண்மையான ஆபத்து இங்கேதான்.

2023 தொடக்கத்தில், பகவத் கீதையை வைத்துப் பதில் சொல்வதாக ‘கீதா ஜிபிடி’ வகை சாட்பாட்கள் இந்தியாவில் வரிசையாக வந்தன. தர்மத்தைக் காக்க என்றால் இன்னொருவரைக் கொல்வதும் சரிதான் என்ற பொருளில் அவற்றில் சில பதில் தந்ததைச் செய்தியாளர்கள் சோதித்து வெளியிட்டார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க அமைப்பு ‘ஃபாதர் ஜஸ்டின்’ என்ற ஏ.ஐ. குருவானவரை அறிமுகப்படுத்தியது. அது தன்னை நிஜ குருவானவர் என்றே சொல்லிக்கொண்டு பாவமன்னிப்பு வழங்கியது. விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் சொல்லிவைத்தது. சில நாட்களிலேயே அதன் அங்கியைக் கழற்றி, ‘ஜஸ்டின்’ என்ற சாதாரண ஆளாக மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த இரண்டும் ஏதோ மட்டமான கோடிங்கால் வந்த விபத்து என்று நினைத்தால் தப்பு. அடிப்படையே அப்படித்தான் இருக்கிறது. இந்த மொழி மாதிரிகள், இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுகின்றன. ஆங்கிலத்தில் படித்த அளவுக்கு அவை தமிழில் படித்ததில்லை. அதிலும் ஏழாம் நூற்றாண்டுத் தமிழ் மிகச் சிறு பகுதி. அதனால் ஒரு பதிகத்தைக் கேட்டால், அதே நடையில் இல்லாத ஒரு பாட்டை உருவாக்கி, பொருத்தமான ஒரு தலத்தின் பெயரையும் ஒட்டித் தந்துவிடும். படிக்கும்போது சந்தேகமே வராது. ஓதுவார் ஒருவர் பார்த்தால் சிரிப்பார். பத்து வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்யும்.

இல்லாத பாட்டையாவது கண்டுபிடித்துவிடலாம். பொருளில் நடக்கும் நுணுக்கமான மாற்றத்தைப் பிடிப்பது கஷ்டம். அதே கீதையை எடுத்துக்கொள்வோம். திலகர் அதில் செயலுக்கான அழைப்பைப் பார்த்தார். அந்தப் போர்க்களம் மனதுக்குள் நடக்கும் போராட்டம் என்று காந்தி வாசித்தார். சங்கரர் ஒருவிதமாக, ராமானுஜர் இன்னொரு விதமாக உரை சொன்னார்கள். நல்ல ஆசிரியர் ‘எங்கள் மரபில் இப்படி, அவர்கள் அப்படிச் சொல்வார்கள்’ என்று பிரித்துக் காட்டுவார். சாட்பாட் எல்லாவற்றையும் ஒரே மிக்ஸியில் போட்டு, யாருடையதும் இல்லாத ஒரு பதிலை ‘இந்து மதம் சொல்வது என்னவென்றால்’ என்று ஆரம்பித்துத் தரும். ‘இஸ்லாம் சொல்வது’, ‘பைபிள் சொல்வது’ என்றாலும் அப்படியே.

இன்னொன்று: சாட்பாட் பெரும்பாலும் கேட்பவருக்குப் பிடித்த பக்கம் சாயும். கோபமாகக் கேட்டால் கோபத்துக்குத் தோதான வசனம் கிடைக்கும். மதக் கல்வியில் பாதி வேலையே, நமக்குப் பிடிக்காததைச் சொல்லி நம்மை நிறுத்தும் ஒருவர் இருப்பதுதான்.

வாடிகன் 2025 ஜனவரியில் ஏ.ஐ. பற்றி வெளியிட்ட ‘அந்திகுவா எத் நோவா’ ஆவணம் கல்வியைப் பற்றியும் பேசுகிறது. ஆசிரியர் நேரில் இருப்பதால் மாணவரோடு உண்டாகும் உறவை ஏ.ஐ. தர முடியாது என்பது அதன் நிலைப்பாடு. மதம் எதுவானாலும் இதில் மறுக்க ஒன்றுமில்லை.

‘குரு மட்டும் என்ன ஒழுங்கா?’

இங்கே ஒரு பலமான எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

‘ஆள் வேண்டும், ஆள் வேண்டும்’ என்கிறீர்களே, அந்த ஆள் எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தினார்? சாதி பார்த்து, பெண் என்று பார்த்து, மறுத்த வரலாறு சின்னதா? எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகப் பயிற்சி பெற 2007-ல் தமிழக அரசு பள்ளிகள் திறந்தது. அங்கே படித்து முடித்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணி ஆணை கிடைக்க 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வகுப்பில் அடி, அவமானம், அதைவிட மோசமானவையும் மத நிறுவனங்களுக்குள் நடந்திருக்கின்றன. போன் யாரிடமும் குலம் கோத்திரம் கேட்பதில்லை. கேள்வி கேட்டதற்காகத் தலையில் குட்டுவதில்லை.

இது உண்மை. போன் திறந்துவிட்ட கதவை மூடச் சொல்வது அநியாயம். மாதவிடாய் பற்றியோ, சந்தேகம் பற்றியோ, வேறு மதத்தில் காதலிப்பது பற்றியோ கேட்க ஓர் இளைஞருக்கு ஊரில் பாதுகாப்பான ஆள் இல்லை என்றால், அவர் திரையிடம் போவதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் மோசமான ஆசிரியருக்கு மாற்று நல்ல ஆசிரியர்தான், ஆசிரியரே இல்லாத நிலை இல்லை. திருஎருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் கதை இங்கேயும் உதவுகிறது. அறிவு ‘மேலே’ இருப்பவர்களிடம்தான் இருக்கும் என்ற எண்ணத்தை அந்தக் கதை கவிழ்த்துப் போடுகிறது. டெக்னாலஜியின் உண்மையான வாய்ப்பும் அதுதான்: உள்ளூரில் மறுக்கப்பட்ட பிள்ளைக்கு, 400 கிலோமீட்டர் தாண்டி இருக்கும் நல்ல ஆசிரியரைக் கொண்டுவந்து சேர்ப்பது. வீடியோ கால் இருவரைச் சேர்க்கும் பாலமாக நிற்கிறது. சாட்பாட் ஆசிரியரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் ‘ஆன்லைன்’ என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம்.

பிரார்த்தனை யாருக்குப் போய்ச் சேர்கிறது?

இன்னொரு விஷயம் பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை. மத ஆப்புக்குள் நாம் என்ன தருகிறோம்?

2020 நவம்பரில் வெளியான ஒரு புலனாய்வுச் செய்தி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு தொழுகை நேர ஆப்பின் பயனாளர் இருப்பிடத் தகவல், ஒரு டேட்டா நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் வரை போகும் பாதையில் இருந்தது. செய்திக்குப் பின் அந்த ஆப் அந்தத் தொடர்பைத் துண்டித்தது. 2022-ல் மொஸில்லா அமைப்பு மனநலம், பிரார்த்தனை சார்ந்த 32 ஆப்களை ஆராய்ந்து, 28-க்கு ‘தனியுரிமையில் ஜாக்கிரதை’ என்ற எச்சரிக்கை முத்திரை குத்தியது.

எந்த மதம், எந்த நேரத்தில் எங்கே வழிபாடு, என்ன வேண்டுதல், என்ன குற்ற உணர்ச்சி... ஒருவரைப் பற்றி இதைவிட அந்தரங்கமான தகவல் இருக்க முடியாது. அது ஒரு பிள்ளையின் தகவல் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்கள் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் பொதுவாகக் கூடாது என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக அமலுக்கு வருகின்றன. சட்டம் வரும், ஆனால் வீட்டுக்குள் வந்து போனைப் பார்க்காது. அது பெற்றோர் வேலை.

சரி, அப்போ என்ன பண்ணலாம்?

வீட்டில் நாளைக்கே செய்யக் கூடியவை சில.

ஒன்று, எண் கேளுங்கள். சாட்பாட் ஒரு பாடலையோ வசனத்தையோ சொன்னால், எந்தத் திருமுறை, எந்தப் பதிகம், எத்தனையாவது பாட்டு என்று கேளுங்கள். குர்ஆன் என்றால் சூரா, வசன எண். பைபிள் என்றால் அதிகாரம், வசனம். பிறகு அந்த எண்ணை மதுரைத் திட்டத்திலோ, ஆதீனத் தளத்திலோ, நம்பகமான குர்ஆன், பைபிள் பதிப்பிலோ தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதைப் பிள்ளையையே செய்யச் சொன்னால், மதக் கல்வியோடு ஆய்வுப் பழக்கமும் வரும்.

இரண்டு, பெயர் கேளுங்கள். ஆப்போ சேனலோ எதுவானாலும், கற்றுத்தருபவர் யார், அவர் யாரிடம் கற்றார், எந்த மரபு என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், கேட்கலாம், கற்க வேண்டாம்.

மூன்று, ரெக்கார்டிங்கைப் பயிற்சிக்கு வையுங்கள், பாடத்துக்கு ஆளை வையுங்கள். வாரத்தில் ஆறு நாள் ஆடியோ, ஒரு நாள் அரை மணி நேரம் நேரிலோ வீடியோ காலிலோ திருத்தம் என்ற கணக்கு போதும்.

நான்கு, அந்த அரை மணி நேரத்துக்குப் பணம் கொடுங்கள். இசை வகுப்புக்கும் கோடிங் வகுப்புக்கும் தயங்காமல் ஜிபே செய்யும் வீடுகள், ஓதுவாருக்கும் ஹஜ்ரத்துக்கும் மட்டும் ‘சேவைதானே’ என்று சொல்வது சரியில்லை. பண் கற்றவருக்குப் பிழைக்க வழியில்லை என்றால், அடுத்த தலைமுறையில் கூப்பிட்டுக் கேட்கவும் ஆள் இருக்காது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது இன்னும் பெரிது. அறநிலையத் துறை ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே கற்றுத்தரும் பெரியவர்களின் வகுப்புகளை, திருத்தங்களோடு சேர்த்துப் பதிவு செய்து, யாரும் கேட்கும்படி ஏன் வைக்கக் கூடாது? மேடைக் கச்சேரிப் பதிவு நிறைய இருக்கிறது. ‘இந்த இடத்தில் இழுக்காதே’ என்று ஆசிரியர் சொல்லும் பதிவுதான் இல்லை.

யார் ஆசிரியர் என்பதற்கு சிங்கப்பூரில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அங்கே இஸ்லாமிய சமய ஆசிரியர்களை அங்கீகரிக்கும் திட்டம் 2005-ல் விருப்பத்தின் பேரில் தொடங்கி, 2017 முதல் கட்டாயமாகியது. பெற்றோர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இந்தியாவில் அரசே அப்படிப் பட்டியல் போடுவது சரியாக இருக்காது. யார் நல்ல குரு என்று அமைச்சகம் முடிவு செய்யும் நிலை வரக் கூடாது. ஆனால் ஆதீனங்கள், ஜமாஅத்துகள், மறைமாவட்டங்கள் தங்கள் ஆசிரியர்களின் பட்டியலைத் தாங்களே வெளியிடலாமே. அதில் பெண்களும், இதுவரை வெளியே நிறுத்தப்பட்டவர்களும் எத்தனை பேர் என்று எல்லோரும் பார்க்கலாமே. அந்தப் பட்டியல் வெளியே வருவதே பாதி சீர்திருத்தம்.

மத நிறுவனங்கள் தங்களுக்கென்று சாட்பாட் செய்யப் போகிறார்கள் என்றால், ஃபாதர் ஜஸ்டின் கற்றுத்தந்த பாடம் போதும். அங்கி வேண்டாம். கடவுள் பெயரில் ‘நான்’ என்று பேச வேண்டாம். மூல நூலைத் தேடி எடுத்துத் தருவதோடு நிற்கட்டும். வாழ்க்கை, சாவு, மன்னிப்பு பற்றிக் கேட்டால் ஒரு மனிதரின் போன் நம்பரைத் தரட்டும்.

மறுபடியும் அந்த வீட்டுக்கு

ஓ.எம்.ஆர். வீட்டுப் பிள்ளையின் கேள்வி இன்னும் நிற்கிறது. சிவன் ஏன் சுடுகாட்டில் ஆடுகிறார்?

சாட்பாட் தந்த நான்கு பத்திகளும் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது அந்தப் பிள்ளையிடம் ‘நீ ஏன் இதைக் கேட்கிறாய்?’ என்று கேட்டிருக்காது. போன மாதம் தாத்தாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதைப் பார்த்த பிள்ளையாக இருக்கலாம். அப்படியென்றால் அது தகவல் கேட்கவில்லை. தாத்தா இருக்கும் இடத்தில் சாமியும் இருக்கிறாரா என்று கேட்கிறது.

அதற்கு அம்மாவுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. “எனக்கும் தெரியலடா கண்ணு. அடுத்த சனிக்கிழமை ஓதுவார் ஐயாகிட்ட ரெண்டு பேருமா சேர்ந்து கேட்கலாம்” என்று சொன்னால் போதும். பிள்ளை ஒரு வாரம் காத்திருக்கும். ஐயாவும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பேசுவார்.